சென்னை நடைபாதைகளில் வாழும் மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீடில்லாமல் நடைபாதையில் வாழ்பவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒன்றையே இரண்டு முறை சொல்லாமலிருக்கக் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறோம்.

1. வீடற்றவங்கன்னு யாரைச் சொல்றாங்க? குடிசையில இருக்கறவங்களும் அதுல சேர்த்தியா?

சேர்த்தி இல்லை. எவ்வளவு சின்னக் குடிசையானாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது ஒரு வீடு. நடைபாதையிலும், மேம்பாலத்துக்கு அடியிலும், பெரிய குழாய்களுக்குள்ளும், படிக்கட்டுக்குக் கீழேயும், கோயில் மண்டபத்திலும், ரயில் நிலைய மேடையிலும் திறந்த வெளியில் தங்குபவர்களைத்தான் கணக்கெடுப்பு 'வீடற்றோர்' என்கிறது. அவர்களோ 'பிளாட்பாரத்துல இருக்கோம்' என்பார்கள்.

இந்த வித்தியாசத்தால் விளைவது பெரிது. குடிசைப் பகுதிகளுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) இருக்கிறது. நடைபாதைக் குடும்பத்துக்கு அப்படித் தனக்கென்று ஒரு சட்டமோ வாரியமோ கிடையாது. மாநகராட்சி, காவல்துறை, வாரியம், சமூகநலத்துறை என்று நான்கு வாசலுக்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

2. இவங்க எல்லாம் வெளியூர்லேர்ந்து பிழைக்க வந்தவங்கதானே? ஊருக்கே அனுப்பிடலாமே?

சிலர் அப்படி வந்தவர்கள். பலருக்குச் சென்னைதான் ஊர். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, பிராட்வே, ராயபுரம் பக்கத்து நடைபாதைகளில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. துறைமுகம், சென்ட்ரல், கொத்தவால்சாவடி ஆகிய மூன்றையும் நம்பி மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. வேலையில் ஒரு பங்கு போயிற்று, மனிதர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று பூக்கட்டுதல், மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி), பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, வீட்டுவேலை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுதல் என்று பிழைக்கிறார்கள்.

இவர்களைத் தவிர, தனியாக வந்து கட்டட வேலையோ ஓட்டல் வேலையோ செய்துவிட்டு இரவில் எங்காவது படுக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து விரட்டப்பட்ட அல்லது வெளியேறிய முதியவர்களும் பெண்களும் திருநங்கைகளும் இருக்கிறார்கள். மனநோயோடு அலைபவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்காக வாரக்கணக்கில் காத்திருந்து அப்படியே தங்கிவிடும் உறவினர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் ஒரே தீர்வைத் தேடுவதுதான் திட்டங்களின் முதல் கோளாறு.

3. சரி, மொத்தம் எத்தனை பேர் இருப்பாங்க?

நம்பிச் சொல்லக்கூடிய எண் யாரிடமும் இல்லை. அதற்குக் காரணம் எண்ணும் முறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றவர்களை ஒரே ஓர் இரவில் எண்ணுகிறது. 2011இல் அது பிப்ரவரி 28 இரவு. அன்று நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் பதிவானார்கள். 2001இன் 19.4 லட்சத்தை விட இது குறைவு. ஆனால் நகரங்களில் மட்டும் பார்த்தால் 7.8 லட்சம் 9.4 லட்சமாக ஏறியிருந்தது.

ஓர் இரவில் எண்ணும்போது தவறிப்போகிறவர்கள் யார் என்பது தெரிந்ததுதான். இரவு வேலைக்குப் போனவர்கள், பாதுகாப்புக்காக மறைவில் படுக்கும் பெண்கள், சீருடையைக் கண்டதும் இடம் மாறுகிறவர்கள். எண்ணிக்கை குறைந்தால் காப்பகத்தின் எண்ணிக்கையும் குறையும். ஆகவே அடுத்த கணக்கெடுப்பு இரவன்று அந்தத் தெருவை அறிந்த ஒருவர் கணக்கெடுப்பாளரோடு நடப்பது மிக முக்கியம்.

4. வேலை செஞ்சு சம்பாதிக்கறாங்கன்னா, வாடகைக்கு ஒரு ரூம் எடுக்கலாமே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் கூலி 600 ரூபாய், மாதத்தில் 20 நாள் வேலை என்றால் 12,000. வடசென்னையில் ஓர் அறைக்கு 6,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். இங்கே பழக்கத்தில் இருக்கும் பத்து மாத அட்வான்ஸ் 60,000 ஆகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. அதையே எடுத்துக்கொண்டாலும் 18,000. தரகருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை என்று இன்னும் 12,000. குடியேறும் நாளில் 30,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும்.

அவர்கள் கையில் இருப்பது தண்டல் கடன். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு காய்ச்சல், ஒரு வாரம் மழை என்றால் தவணை நின்று, அதை அடைக்க இன்னொரு தண்டல். தினம் நூறு ரூபாய் கட்டக்கூடியவருக்குத் தினவாடகைக்கு யாராவது அறை கொடுத்தால் அவர் தெருவில் இருக்க மாட்டார். சந்தையில் அப்படி ஓர் அறை இல்லை. பணம் சேர்ந்த பிறகும் 'எத்தனை பேர்?', 'என்ன ஆளுங்க?', 'இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?' என்ற கேள்விகள் வரும். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வீடு கிடைப்பதில்லை.

5. மாநகராட்சிக் காப்பகம் இருக்குதே, ஏன் போக மாட்டேங்கறாங்க?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். காப்பகங்கள் இருப்பது உண்மை. கட்டடம் மாநகராட்சியுடையது, பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியர், முதியோர், மனநோயாளிகள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளை ஒட்டி நோயாளியின் உடன் வந்தவர்களுக்கும் சில உண்டு. தனியாக வரும் ஒரு முதியவருக்கு இவை உயிர் காக்கும் இடங்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

குடும்பமாக வாழ்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்துவதில்லை. கணவன் ஒரு கட்டடம், மனைவி ஒரு கட்டடம், பதின்மூன்று வயதுப் பையன் இன்னொரு கட்டடம் என்று ஆகும். குடும்பம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் அரிது. மீன்பாடி வண்டியை உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியே விட்டால் காலையில் இருக்காது. அடுப்பு, பாத்திரம், பிள்ளையின் சைக்கிள் எதற்கும் இடமில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு லாரி வந்தால் இறக்கப் போக வேண்டியவருக்கு இரவு ஒன்பது மணிக்குக் கதவு சாத்துவது ஒத்துவராது. இரண்டு நாள் இடத்தைவிட்டுப் போனால் நடைபாதையில் வைத்திருந்த மூலை வேறொருவருடையதாகிவிடும். பக்கத்துக் கடைக்காரரோடு பல வருஷமாக இருக்கும் பழக்கமும் போகும்.

இன்னொரு தடை பயம். கூட்டிப்போகிறவர் எங்கே கொண்டு விடுவார் என்று தெரியாத பயம். நகரத்தில் பெரிய மாநாடோ விழாவோ நடக்கும்போது வேனில் ஏற்றிக்கொண்டு போனதை ஒருமுறை பார்த்தவர், அடுத்தமுறை உண்மையான உதவி வந்தாலும் ஓடத்தான் செய்வார்.

6. காப்பகம் இப்படித்தான் இருக்கணும்னு விதி ஏதாவது இருக்கா?

இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவு வகுத்தது: பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்க வேண்டும். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதை விவரமாக்கியது. ஒரு காப்பகத்தில் 100 பேர், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, குளியலறை, கழிப்பறை, சமைக்க இடம், பொருள்களைப் பூட்டி வைக்கப் பெட்டி, முதலுதவி, குழந்தைகளுக்கு அங்கன்வாடித் தொடர்பு. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை போல வீடற்றவர்கள் கூடுமிடங்களுக்கும் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் பக்கத்தில் அமைய வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது.

விரிவாக்கப்பட்ட சென்னையின் 2011 மக்கள்தொகை சுமார் 67 லட்சம். பழைய கணக்குப்படியே 67 காப்பகம் வேண்டும். அந்த எண்ணைச் சென்னை இன்னும் எட்டவில்லை. இருப்பவற்றிலும் பல, காலியாக இருந்த பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் தொடங்கியவை. வேலைக்குப் பக்கத்தில் வேண்டும் என்ற விதியைப் பின்பற்றியிருந்தால் 5ஆம் கேள்வியில் சொன்ன தயக்கங்களில் பாதி எழுந்தே இருக்காது.

7. கண்ணகி நகர்லயும் பெரும்பாக்கத்துலயும் வீடு கொடுத்தாங்களே. அதை வித்துட்டுத் திரும்பி வந்துட்டாங்கன்னு சொல்றாங்களே?

திரும்பி வந்தவர்கள் உண்டு. ஏன் வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வாரியம் கட்டிய கண்ணகி நகர்க் குடியிருப்பு 2000 வாக்கில் தொடங்கியது. செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் அடுத்தடுத்து வந்தன. எல்லாம் நகரின் தென்கோடி. பாரிமுனையிலிருந்து 20 முதல் 30 கிலோமீட்டர். காலை நான்கு மணிக்குப் பூ மார்க்கெட்டில் இருக்க வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. பணம் மிச்சம், நேரம் மிச்சமில்லை. போக வர நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போகும். மூன்று வீட்டில் வேலை செய்தவர் ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்வார்.

முதலில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிக்கும் குறைவானவை. பின்னால் வந்த பெரும்பாக்கத்துக் கட்டடங்கள் எட்டு மாடி. லிப்ட் நின்றால் தண்ணீர்க் குடத்தோடு ஏற வேண்டும். ஒதுக்கீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்கெடுத்தபோது ஒரே குடும்பமாக எழுதப்பட்ட இடத்தில் கல்யாணமான இரண்டு மகன்களின் குடும்பமும் இருந்திருக்கும். வீடு ஒன்றுதான் வரும். பெற்றோர் அங்கே போக, மகன்கள் பிளாட்பாரத்திலேயே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'வீடு கொடுத்தும் போகவில்லை' என்று தோன்றும்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தவர்களை மோசடிக்காரர்கள் என்பது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. பிழைப்பு இங்கே, வீடு அங்கே என்றானால் மனிதர் பிழைப்பின் பக்கம்தான் வருவார்.

8. நடைபாதை நடக்கறதுக்குத்தானே? அப்புறப்படுத்தினா அதுல என்ன தப்பு?

நடப்பவரின் உரிமையும் உண்மை. சக்கர நாற்காலியிலும் கைத்தடியோடும் போகிறவர்கள் சாலையில் இறங்க நேர்வது ஆபத்து. நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

நீதிமன்றம் சொன்னது வேறு. 1985 ஜூலையில் மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும், முன்னறிவிப்பும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் அகற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சமயத்தில் முடிவான இன்னொரு வழக்கு சென்னையுடையது: குடிசை, நடைபாதை மக்களை அகற்றுவதை எதிர்த்து வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்தது. ஆகவே அகற்றும்போது பார்க்க வேண்டியவை நான்கு. எழுத்தில் அறிவிப்பு வந்ததா, குடும்பவாரியாகப் பட்டியல் எடுத்தார்களா, மாற்றிடம் எங்கே என்று முன்பே சொன்னார்களா, எடுத்துச்சென்ற பொருள்களுக்கு ரசீது உண்டா. கடைசியை யாரும் கேட்பதில்லை. குப்பை லாரியில் போகும் மூட்டைக்குள்தான் ரேஷன் கார்டும், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழும், காசநோய் மாத்திரை அட்டையும் இருக்கும். அகற்றுவது பள்ளித் தேர்வுக் காலத்திலோ வடகிழக்குப் பருவமழையிலோ நடந்தால் சேதம் இரட்டிப்பு.

9. முகவரியே இல்லாதவங்களுக்கு வாக்காளர் அட்டை எப்படிக் கிடைக்கும்?

கிடைக்கும். பலருக்கும் தெரியாத நல்ல விதி இது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல், விண்ணப்பிப்பவர் இரவில் படுக்கும் இடத்தை, பக்கத்து அடையாளத்தோடு எழுத வேண்டும்: இன்ன சாலை, இன்ன எண் கடைக்கு எதிர் நடைபாதை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து அவர் உண்மையில் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரே இரவோடு முடிவு செய்யக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வர வேண்டும். அலுவலர் உறுதி செய்துவிட்டால் முகவரிக்கு வேறு ஆவணம் தேவையில்லை.

இது நடக்காமல் போவதற்குக் காரணம், பகலில் வந்து 'ஆள் இல்லை' என்று எழுதிவிடுவது. அலுவலரின் தொலைபேசி எண்ணை முன்பே வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்கு வந்தால் ஆள் இருப்பார் என்று சொல்லிவைக்க வேண்டும். பட்டியல் திருத்தம் நடக்கும் காலத்தில் இடம் மாற நேர்ந்தால் பெயர் போய்விடும். வரைவுப் பட்டியல் வந்ததும் சரிபார்த்துவிடுங்கள்.

10. ஆதார், ரேஷன் கார்டு?

வரிசை முக்கியம்: முதலில் ஆதார், பிறகு ரேஷன் கார்டு, பிறகு மற்றவை. ஆவணமே இல்லாதவருக்கு இரண்டு வழி. குடும்பத்தில் ஆதார் உள்ள தலைவர் உறவை நிரூபித்துத் தன் முகவரியில் சேர்க்கலாம். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் தலைவர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் புகைப்படம் ஒட்டிச் சான்றளிக்கலாம். நடைமுறையில் இரண்டாவதுதான் அதிகம் கைகொடுக்கிறது. படிவத்தில் முத்திரை புகைப்படத்தின் மேலும் படிய வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

ரேஷன் கார்டுக்கு எல்லா உறுப்பினரின் ஆதாரும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். மின்கட்டண ரசீது இல்லாதவருக்கு 9ஆம் கேள்வியில் சொன்ன வாக்காளர் அட்டைதான் சான்று. அதனால்தான் அது ஓட்டுப் போடுவதற்கு மட்டுமான அட்டை இல்லை என்கிறோம். ரேஷன் கார்டு இல்லாவிட்டால் இலவச அரிசி இல்லை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு இல்லை, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் இல்லை. கார்டு கிடைத்த பிறகும் முதியவர்களின் கைரேகை கருவியில் பதியாமல் போகும். மூட்டை தூக்கியும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்திருக்கும். கருவிழிப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள்.

11. எல்லாம் தொலைஞ்சு போச்சு, ஆதார் நம்பரும் ஞாபகம் இல்லைன்னு சொல்றாங்க. அப்ப என்ன பண்றது?

புதிதாகப் பதியாதீர்கள். பழைய கைரேகையோடு ஒத்துப்போய் நிராகரிக்கப்படும்; மாதங்கள் வீணாகும். ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துச் சென்றால், பெயரும் ஊரும் சொல்லிக் கைரேகை வைத்துப் பழைய எண்ணைக் கண்டுபிடித்து அச்சிட்டுத் தருவார்கள், சிறு கட்டணம்தான். அதே நாளில் கைப்பேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆவணம் வேண்டாம், கைரேகை போதும். எண் மாற்றாவிட்டால் ஓடிபி யாரோ ஒருவரின் பழைய கைப்பேசிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு எல்லா ஆவணத்தையும் நகலெடுத்து, மூலத்தைக் காப்பகத்திலோ நம்பிக்கையான கடைக்காரரிடமோ வைத்து, நகலை மட்டும் ஜிப் பை ஒன்றில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

12. தெருவுல ஒருத்தர் விழுந்து கிடக்கறார். நான் என்ன செய்யணும்?

கிட்டே போய்ச் சத்தமாகக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். பதில் இல்லை, மூச்சு இருக்கிறது என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாய்க்குள் போகும். சித்திரை, வைகாசி வெயிலில் உடம்பு கொதித்தால் நிழலுக்கு நகர்த்தி ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடையுங்கள். 'குடித்திருக்கிறார்' என்று முடிவு கட்டுவது ஆபத்து. சர்க்கரை தாழ்ந்தாலும் வலிப்பு வந்து ஓய்ந்தாலும் ஆள் அப்படித்தான் கிடப்பார். இடம் சொல்லும்போது மெட்ரோ தூண் எண்ணோ தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணோ சொன்னால் வண்டி சுற்றாது.

நினைவோடு இருந்து, தங்க இடம்தான் தேவை என்றால் மாநகராட்சியின் 1913. ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும், நடக்க முடிகிறதா, புண் இருக்கிறதா, வர விருப்பமா என்பதைச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆதரவற்றவர்களை மீட்கச் சென்னைக் காவல்துறை 2021இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' பிரிவும் உதவும். முதியவர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, ஆபத்திலிருக்கும் பெண் என்றால் 181. வர மறுத்தால் இழுத்துச் செல்லக் கூடாது. மறுநாள் அதே ஆள் அதே நேரத்தில் வந்து பேசினால் பலர் மூன்றாவது, நான்காவது முறையில் சம்மதிக்கிறார்கள். அவருடைய மூட்டையையும் சேர்த்து ஏற்றுங்கள்.

13. தனக்குத்தானே பேசிக்கிட்டு, துணியில்லாம சுத்தறவங்களைப் போலீஸ் கூட்டிட்டுப் போலாமா?

போகலாம், அது அவர்களின் கடமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100இன்படி, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவரைக் காவல் நிலையம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். 'எங்க லிமிட் இல்ல' என்ற பதில் வந்தால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், பேச்சு மாறும். சென்னையில் பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.

சிகிச்சைக்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். தெளிந்தவரைக் குடும்பம் ஏற்காவிட்டால் எங்கே போவார்? வீடில்லை, குடும்பமில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 19 சொல்கிறது. 1993இல் சென்னையில் தொடங்கிய தி பேனியன் என்ற தொண்டு நிறுவனம் இதற்கு ஒரு வழி காட்டியது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து, நான்கைந்து பேர் சேர்ந்து வாழ, உதவியாளர் துணையிருப்பது. நாற்பது கட்டில் போட்ட கூடத்தை விட அந்த வீட்டில் மனிதர் மனிதராகத் தெரிகிறார்.

14. குழந்தைங்களையாவது ஹோம்ல சேர்த்துட்டா நல்லதுதானே?

தனியாக அலையும் குழந்தை வேறு. பெற்றோரோடு பிளாட்பாரத்தில் இருக்கும் குழந்தை வேறு. முதலாவது குழந்தைக்கு 1098ஐ அழைத்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது குழந்தையை ஏழ்மையை மட்டும் காரணமாக்கிப் பிரிப்பது பெரும்பாலும் தீங்கு. தாய்க்கு அதுவே தண்டனை. அடுத்தமுறை எந்த உதவிக்கும் முன்வர மாட்டார்.

செய்யக்கூடியது பள்ளி. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அப்படியே. படிக்க விளக்கும் இடமும் இல்லாதது அடுத்த பிரச்சினை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தால் பத்தாம் வகுப்பில் நின்றுபோகும் பிள்ளைகள் குறைவார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இரவு பாதுகாப்பில்லை என்று சீக்கிரமே கல்யாணம் முடிப்பதும் இங்கே நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அரசு விடுதியில் இடம் வாங்கித்தருவது, தாய் சம்மதித்து, வாரம் ஒருமுறை வந்து பார்க்க முடிந்தால், நல்ல வழி.

15. பிறந்தநாளுக்கு நூறு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கலாம்னு இருக்கோம். உதவியா இருக்குமா?

இருக்கும், கொஞ்சம் விசாரித்துச் செய்தால். ஞாயிறு மதியமும் பண்டிகை நாளும் ஒரே சாலையில் நான்கு வண்டி வந்து நிற்கும். செவ்வாய் இரவு ஒன்றும் இருக்காது. முதல் நாளே போய் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலையில் சமைத்து இரவு கொடுப்பது கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் வாய்க்குப் போக வேண்டும். தேங்காய்ச் சட்னி, சாம்பார் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், புளிசாதம் தாங்கும். அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் அங்கே ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் இவர்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பணத்துக்கு வேறு வாங்கலாம் என்றால்: ஐப்பசிக்கு முன் கெட்டியான தார்ப்பாயும் நைலான் கயிறும், கொசுவலை, செருப்பு, சானிட்டரி நாப்கின், 11ஆம் கேள்வியில் சொன்ன ஜிப் பை. போர்வை மார்கழியில் போதும்.

16. காசு கொடுத்தா பிச்சை எடுக்கறதை வளர்க்கறதாகாதா? அது சட்டப்படி குற்றம்தானே?

முதலில் ஒரு திருத்தம்: தெருவில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் (கேள்வி 2). பிச்சையைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்ற உத்தரவிடக் கோரிய மனுவை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வறுமைதான் காரணம் என்றது. முதியவர் ஒருவர் தினமும் கையேந்துகிறார் என்றால், 60 வயது கடந்த ஆதரவற்றோருக்கான மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு அவர் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆதாரில் வயது தப்பாக இருக்கும், அல்லது வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு நாள் அவரோடு போவது, ஒரு வருஷம் பத்து ரூபாய் போடுவதை விடப் பயன் தரும். கையேந்தும் நேரத்தில் காசு கொடுப்பதும் தப்பில்லை.

17. இத்தனை பணம் புரளுற ஊர்ல இது தீரவே தீராதா? நீங்க என்ன கேக்கறீங்க?

நடந்துபோகும் தூரத்தில் வாடகை வீடு. 5, 7ஆம் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால், சென்னை இதுவரை கொடுத்த இரண்டுமே மனிதரை எதையாவது விட்டுவிட்டு வரச் சொல்கின்றன. காப்பகம் குடும்பத்தை விடச் சொல்கிறது, தொலைதூர வீடு பிழைப்பை விடச் சொல்கிறது. நிலம் இல்லை என்பது பதிலாகச் சொல்லப்படும். வடசென்னையில் இடிந்து கிடக்கும் வாரியக் குடியிருப்புகளைத் திரும்பக் கட்டும்போது, பழைய குடியிருப்பாளர்களுக்குக் கொடுத்தது போக ஒரு பகுதியைத் தினவாடகை, வாரவாடகைக் குடும்ப அறைகளாக வைக்கலாம். சொந்தமாக எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. விற்றுவிட்டார்கள் என்ற பேச்சுக்கும் அப்போது இடமில்லை. அதுவரை ஒவ்வொரு மண்டலத்திலும் குடும்பத்தோடு தங்கவும் வண்டியை நிறுத்தவும் இடமுள்ள ஒரு காப்பகமாவது வேண்டும்.

18. எங்க வார்டுல நான் தனியா என்ன கேக்க முடியும்?

சென்னையின் 200 வார்டுகளிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்த 2022 முதல் விதி இருக்கிறது. கவுன்சிலர் வருவார், எழுத்தில் கொடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். கேட்கும்போது 'வீடற்றவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்காமல், ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். இன்ன நடைபாதையில் இத்தனை குடும்பம். அருகிலுள்ள பொதுக் கழிப்பறையை இரவு பத்து மணிக்குப் பூட்டாமல் விடியும்வரை திறந்துவைக்க வேண்டும். பெண்கள் இருட்டில் ஒதுங்கப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அதில்தான் ஆரம்பிக்கிறது. செலவு குறைவான, அந்த வாரமே நிறைவேற்றக்கூடிய கோரிக்கை. அது நடந்த பிறகு, அடுத்த கூட்டத்தில் 6ஆம் கேள்வியில் சொன்ன விதியைக் காட்டி உங்கள் மண்டலத்தில் எத்தனை காப்பகம் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.